சூட்டு வலி, பயிற்சி வலி

1

"உங்கள் அம்மாவுக்கு எத்தனை பிரசவம்?" என்று என் மகளிடம் கேட்டாள் மருத்துவச்சி.

ஜெர்மன் மொழியில்தான் கேட்டாள். முப்பது வருஷம் இந்த நாட்டில் இருந்தும் என் ஜெர்மன் இன்னும் கடைவீதி ஜெர்மன்தான். ஆனால் இந்தக் கேள்வி புரிந்துவிட்டது. கயல் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒன்று. நான் மட்டும்தான்" என்றாள். மருத்துவச்சி ஒப்புக்கு என் பக்கம் பார்த்தாள். நான் தலையாட்டினேன். இங்கே கர்ப்பிணிகளுக்கென்று ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள், எங்கே போனாலும் அது கைப்பையில் இருக்க வேண்டும். அதில் அவள் எழுதிக்கொண்டாள்.

சரியான விடை ரெண்டு. கயல் பிறப்பதற்கு மூன்று வருஷம் முன்னால் கடலூரில் எனக்கு ஒரு பையன் பிறந்தான், உயிரில்லாமல். என் கணவருக்குத் தெரியும். அவர் போய் நாலு வருஷம் ஆகிறது. இந்த ஊரில் இனி அதைத் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

ஏன் மறைத்தாய் என்று ஊரிலிருந்து படிக்கிற நீங்கள் கேட்கமாட்டீர்கள். பிள்ளைத்தாய்ச்சி காதில் சாவுச் சேதியைப் போடக்கூடாது என்று உங்களுக்கும் தெரியும். வளைகாப்பில் யார் முதலில் வளையல் போடலாம், யார் பின்னால் நின்று வேடிக்கை பார்க்கலாம் என்பதெல்லாம் நாம் நன்றாகவே வகுத்து வைத்திருக்கிறோம். செத்த பிள்ளையைப் பெற்றவளை முன்னால் விடமாட்டோம். போன வருஷக் கடைசியில், இங்கே ஒரு வாடகைக் கூடத்தில், கயலுக்கு முதல் வளையலை நான்தான் போட்டேன். யாருக்குத் தெரியப்போகிறது என்கிற தைரியம்.

எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அவள் பிள்ளை பெறும்போது நான் அந்த அறைக்குள் இருக்க வேண்டும். அந்த ஆஸ்பத்திரியில் ரெண்டு பேரை உள்ளே விடுவார்கள். ஒருவர் அவள் புருஷன் யோனாஸ். இன்னொரு இடத்துக்கு நான் மாதக்கணக்கில் கெஞ்சினேன்.

"சரிம்மா, வா. ஆனா வாயத் தொறக்கக் கூடாது" என்றாள் கயல்.

"தொறக்கல" என்று சொன்னேன்.

2

நான் வேலை பார்ப்பது ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில். சேர்த்து வைத்திருந்த விடுமுறையை மொத்தமாக எடுத்துக்கொண்டு, எட்டாம் மாதக் கடைசியில் கயல் வீட்டில் போய்க் குடியேறினேன். யோனாஸ் நல்ல பையன். மாமியாரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற நல்ல பையன். "மலர், காபி வேண்டுமா?" என்பான். மலர்க்கொடி என்று முழுப் பேரையும் சொல்ல அவன் நாக்கு ஒத்துழைக்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

முப்பத்தைந்தாவது வாரத்தில் கயலுக்கு வலி ஆரம்பித்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். திடீரென்று தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பாள். வயிறு கல்லாக இறுகி, ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஒரு நிமிஷம். பிறகு மூச்சை விட்டுவிட்டு அடுத்த தட்டை எடுப்பாள்.

"வலிக்குதாடி?"

"ம்."

"எவ்ளோ?"

"பத்துக்கு ஆறு."

இங்கே வலிக்கு மார்க் போடுகிறார்கள். எங்கள் ஊரில் வலிக்கு மார்க் போட்டதில்லை, வலிக்கிறவளுக்குத்தான் போடுவார்கள்.

இந்த வலிக்கு இவர்கள் வைத்திருக்கிற பேர் பயிற்சி வலி. கர்ப்பப்பை பிரசவத்துக்கு ஒத்திகை பார்க்கிறதாம். அதனால் பயப்பட வேண்டாம், வலித்தாலும் நல்லதுக்குத்தான் என்று மருத்துவச்சி சிரித்துக்கொண்டே சொன்னாள். நிறைய தண்ணீர் குடி, ஒண்ணுக்கை அடக்காதே, இடது பக்கம் சாய்ந்து படு, படுத்திருந்தால் எழுந்து நட, நடந்துகொண்டிருந்தால் உட்கார் என்று ஒரு தாள் கொடுத்தாள். ஒரு பெரிய ரப்பர் பந்தின் மேல் உட்கார்ந்து இடுப்பை ஆட்டச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் மேலே வெந்நீர்த் தொட்டி. இருபது நிமிஷம் வெதுவெதுப்பான நீரில் கிடந்தால் பயிற்சி வலி அடங்கிவிடும். அடங்காமல் கூடினால் அது நிஜம்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நம் ஊர்ச் சீரகத் தண்ணீர்ப் பரீட்சையேதான் இது. சூடாக ஒரு டம்ளர் குடி, அடங்கினால் சூட்டு வலி, அடங்காவிட்டால் பிள்ளை வலி. அங்கே வயிற்றுக்குள் ஊற்றுகிறோம், இங்கே வயிற்றையே உள்ளே இறக்குகிறார்கள்.

கயல் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாள். மூச்சு விடுவதற்கு ஒரு வகுப்புக்கே போயிருந்தாள். கத்தி படாமல், மயக்க ஊசி இல்லாமல் தானாகப் பெற வேண்டும் என்பது அவள் ஆசை. வலி வரும்போது கண்ணை மூடிக்கொண்டு மூக்கால் இழுத்து வாயால் விடுவாள், ஒரு முனகல் கிடையாது. வகுப்பில் இருந்தவர்கள் ஆச்சரியப்பட்டார்களாம், இவ்வளவு அமைதியாக ஒரு பெண்ணா என்று.

அந்த அமைதி வகுப்பில் கற்றதில்லை. நாலு வயதில் விளையாட்டுத் திடலில் விழுந்து மணிக்கட்டு முறிந்தபோது, "கத்தாத, எல்லாரும் பாக்கறாங்க" என்று அவள் வாயைப் பொத்தினேன். சாயங்காலம் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, இந்தக் குழந்தை எப்படி அழாமல் இருக்கிறது என்று கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. கட்டுப் போட்ட கையோடு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

3

எனக்கு அந்த வலி வந்தபோது நான் கடலூர் செம்மண்டலத்தில், என் அம்மா வீட்டில் இருந்தேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே. கணவர் அதற்கு முன்பே இங்கே வேலைக்கு வந்துவிட்டார். அவர் வீடு சிதம்பரத்தில்.

நம் பக்கத்தில் ஒரு முறை உண்டு. மருமகளுக்கு வலி கண்டதும் முதல் வேலையாகப் புகுந்த வீட்டுக்குச் சொல்லியாக வேண்டும். பிள்ளை விழுவதற்குள் மாமியார் வந்து வாசலில் நிற்க வேண்டும். சொல்லத் தாமதித்தால் அது பெரிய குற்றம், பேரப்பிள்ளையின் கல்யாணம் வரை பேசுவார்கள். மாமியார் வீட்டில் போன் கிடையாது. பக்கத்து வீட்டு நம்பருக்கு அப்பா தெருமுனைப் பூத்திலிருந்து போன் போட்டு, அவர்கள் போய்ச் சொல்லி, அத்தை கிளம்பி வர வேண்டும்.

முதல் தடவை எட்டு மாசம் முடிந்த கையோடு வந்தது. வயிறு இறுகி, முதுகு வெடிக்கிற மாதிரி இருந்தது. ஆட்டோவில் நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனார்கள். அத்தை இன்னும் ரெண்டு பெண்களோடு, தூக்குச்சட்டியில் சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து சேர்ந்தார். "செம்மங்குப்பத்தத் தாண்டறதுக்குள்ள அந்த கெமிக்கல் கம்பெனி நாத்தத்துல கொடலே வெளிய வந்துடுச்சு" என்று மூக்கைத் துடைத்தபடி உட்கார்ந்தார். அதற்குள் எனக்கு வலி நின்றுபோயிருந்தது. சூட்டு வலிதான், வீட்டுக்குப் போய்ச் சீரகத் தண்ணீர் குடி என்று அனுப்பிவிட்டார்கள். எல்லாரும் சிரித்தோம். கொத்சு நன்றாக இருந்தது.

ரெண்டாம் தடவை, பத்து நாள் கழித்து. அத்தை தனியாக வந்தார். சாப்பாடு கொண்டுவரவில்லை. சிரிக்கவும் இல்லை.

மூன்றாம் தடவை வார்டு வாசலில் நின்றுகொண்டு, உள்ளே படுத்திருந்த என் காதில் விழுகிற மாதிரி ஆயாவிடம் கேட்டார்.

"இந்தத் தடவையாவது நெஜமா? இல்ல இதுவும் நாடகமா?"

வார்டே சிரித்தது. பக்கத்துக் கட்டிலில் நிஜ வலியோடு நெளிந்துகொண்டிருந்தவளும் நெளிந்தபடியே சிரித்தாள். நர்ஸ் வந்து, "சும்மா சும்மா வந்து பெட்ட அடைக்காதம்மா" என்று என் சேலையை இழுத்து மூடிவிட்டுப் போனாள்.

வெளியே அத்தை என் அம்மாவைப் பிடித்துக்கொண்டார். "சம்மந்தி, ஒங்க பொண்ணுக்கு வலி தாங்கற ஒடம்பு இல்ல. எம் புள்ள அங்க ஒத்தையில கெடக்கறான். இவ எங்கள மூணு தடவ பஸ் ஏத்தி எறக்கறா. நாலு பேர் என்னா கேக்கறாங்க தெரியுமா? ஒம் மருமவ இன்னும் பெக்கலியான்னு சிரிக்கறாங்க."

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டோவில் திரும்பும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"இனிமே நெஜ வலி வந்தா மட்டும் வாயத் தொற."

"எது நெஜம்னு எப்டிம்மா தெரியும்?"

"வந்தா தெரியும். அதுகூட தெரியாதவ என்னா பொம்பள?"

4

ஒன்பது நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அது வந்தது. அம்மா திருவந்திபுரம் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள், எனக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆக வேண்டும் என்று வேண்டிக்கொள்ள. "ஒடம்பு எப்டி இருக்கு?" என்று கேட்டாள். "நல்லாத்தான் இருக்கு, நீ போயிட்டு வா" என்றேன்.

ஒரு டம்ளர் சீரகத் தண்ணீர் குடித்தேன். கொஞ்சம் அடங்கின மாதிரி இருந்தது. அப்படியானால் பொய்தான் என்று தீர்மானித்தேன். மறுபடி வந்தது. இன்னொரு டம்ளர். உட்கார்ந்து மொச்சை உரித்தேன். வலி வரும்போதெல்லாம் உரிப்பதை நிறுத்தாமல் இருக்கப் பழகினேன். அம்மா திரும்பி வந்து நெற்றியில் குங்குமம் வைத்தபோது எனக்கு வலி உச்சத்தில் இருந்தது, நான் கோயிலில் கூட்டமா என்று விசாரித்தேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அன்றைக்கு எனக்கு ஒரு வெற்றிக் களிப்பு. வலி தாங்காத உடம்பு என்றாரே அத்தை, வந்து பார்க்கட்டும் என்று.

சனிக்கிழமை மதியம் வரை இப்படி ஓட்டினேன். வலியைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். பிள்ளை அசைகிறதா என்று கவனிக்கவில்லை. எப்போது நின்றது என்று இன்று வரை எனக்குத் தெரியாது. சாப்பிட உட்கார்ந்தபோது பனிக்குடம் உடைந்து, உள்ளே பிள்ளை மலம் கழித்திருந்த தண்ணீர் தரையெல்லாம் பச்சையாக ஓடியது. அம்மா அலறினாள்.

"எப்பலேர்ந்து வலி?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"நேத்து காலைலேர்ந்து."

"பாவி, ஏண்டி சொல்லல?" என்று அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். டாக்டரம்மா அவளை வெளியே போகச் சொன்னார்.

பையன். தலை நிறைய முடி. நகம்கூட வளர்ந்திருந்தது. ஒரே ஒரு தடவை காட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அத்தை சாயங்காலம் வந்தார். அழுதார், அது பொய்யில்லை. அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"மூணு தடவ சும்மா கூப்ட்டீங்க சம்மந்தி. நெஜமா வந்தப்ப ஏன் கூப்டல?"

ஆறு மாதத்தில் எனக்கு விசா வந்தது. விமானம் ஏறும்போது அம்மா சொல்லி அனுப்பினாள், அங்கே யாரிடமும் இதைச் சொல்லாதே என்று. அதையும் கேட்டு நடந்தேன். நான், சொன்ன பேச்சு கேட்கிற பெண்.

5

கயலுக்கு முப்பத்தெட்டாவது வாரம். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஆறு நிமிஷத்துக்கு ஒரு தடவை வலி வந்தது. வெந்நீர்த் தொட்டியில் கிடந்து பார்த்தாள். அடங்கவில்லை. ஆனால் கூடவும் இல்லை.

இங்கே நினைத்தபோது பிரசவ வார்டுக்குப் போய் நிற்க முடியாது. முதலில் போன் செய்ய வேண்டும். கர்ப்பிணியே பேச வேண்டும், அம்மாவோ புருஷனோ பேசினால் போனை அவளிடம் கொடு என்பார்கள். வலி வரும்போது அவள் எப்படிப் பேசுகிறாள் என்று மருத்துவச்சி கேட்பாள். முழு வாக்கியமாகப் பேசினால் இன்னும் நேரம் இருக்கிறது, பேச முடியாமல் திணறினால் கிளம்பி வா. இந்த ஊர்ப் பெண்களுக்கு இது நியாயமான சட்டம்தான். நான் வளர்த்த பெண்ணுக்கு?

கயல் சமையலறை மேசையருகே நின்று போனை ஒலிபெருக்கியில் வைத்தாள். வலி வந்துகொண்டிருந்தது. மேசை விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயின. குரல் மட்டும் வங்கியில் பேசுகிற மாதிரி இருந்தது. வணக்கம், என் பெயர் இது, இத்தனையாவது வாரம், இத்தனை நிமிஷ இடைவெளி, தொந்தரவுக்கு மன்னிக்கவும். அந்தப் பக்கம் மருத்துவச்சி மிகவும் மரியாதையாக, "நீங்கள் நன்றாகப் பேசுகிறீர்கள். இது பயிற்சியாகத்தான் இருக்கும். வீட்டிலேயே இருங்கள்" என்றாள்.

நான் போனைப் பிடுங்கிக் கத்தினேன்.

வார்த்தை ஏதும் இல்லை, வெறும் கத்தல். தொண்டை கிழிகிற மாதிரி ஒன்று, மூச்சு இழுத்துவிட்டு இன்னொன்று. கயல் பேயைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். மாடியில் வேலை செய்துகொண்டிருந்த யோனாஸ் நாலு நாலு படியாகத் தாவி இறங்கி வந்தான். "உடனே வாருங்கள்" என்றது போன்.

போனோம். வயிற்றில் பட்டையைக் கட்டி நாற்பது நிமிஷம் துடிப்பைப் பார்த்தார்கள். குழந்தை அருமையாக இருந்தது. கர்ப்பப்பை வாய் துளிகூடத் திறக்கவில்லை. பயிற்சி வலியேதான். அவள் வலியை மறைக்கிறாள், நம்பாதீர்கள் என்று சொல்ல நினைத்தேன். மறைக்கிறாள் என்பதற்கான சொல் அந்த நேரத்தில் வரவில்லை. பொய் சொல்கிறாள் என்று சொல்லிவைத்தேன். கயல் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"போனில் கத்தியது யார்?" என்று அந்த இளவயது மருத்துவச்சி கேட்டாள்.

"என் அம்மா."

மருத்துவச்சியும் இன்னொருத்தியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு புன்னகைத்தார்கள். வெறும் புன்னகைதான், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. கயலின் காது ரெண்டும் சிவந்துபோனது. வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கும்போது யோனாஸ், "மலர், இனிமேல் அப்படிச் செய்யாதீர்கள்" என்றான்.

6

கோபம் வந்தால் கயல் ஜெர்மனுக்கு மாறிவிடுவாள். அன்றைக்குத் தமிழில் பேசினாள், யோனாஸுக்குப் புரியக் கூடாது என்று. நான் இதை எப்படியாவது நல்லபடியாக எழுதிவிட முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

"அம்மா, நீ ரூமுக்குள்ள வர வேணாம்."

"கோவத்துல சொல்ற."

"இல்ல. கார்லயே யோசிச்சிட்டேன். யோனாஸ் மட்டும் போதும். நீ பக்கத்துல இருந்தா எனக்கு பயமா இருக்கு. அது என் வலி. நீ அதப் புடுங்கிக்கிட்டு கத்தற."

"பெத்தவடி நானு."

"ஒரே ஒரு புள்ளயத்தான பெத்த? என்னமோ பத்து பெத்தவ மாதிரி பேசற."

இந்த இடத்தில் என் வாய் தவறிவிட்டது என்று எழுதினால் அது பொய். எதுவும் தவறவில்லை. பார்த்துத்தான் காலை வைத்தேன்.

"ரெண்டு" என்றேன். "ஒனக்கு முன்னாடி ஒரு பையன். செத்துப் பொறந்தான். எனக்கும் இதே வலிதான். இதே மாதிரி சூட்டு வலி, சூட்டு வலின்னு அனுப்பனாங்க. நானும் ஒன்ன மாதிரிதான் வாயத் தொறக்காம இருந்தேன். வலிய பாத்துக்கிட்டிருந்தேன், உள்ள அவன் செத்துட்டான்."

அவள் கை வயிற்றுக்குப் போனது. யோனாஸ் என்ன, என்ன என்று கேட்டுக்கொண்டே நின்றான்.

"எத்தனாவது வாரம்?" என்று கேட்டாள்.

வேறு ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லியிருக்கலாம். முப்பது என்றோ, இருபத்தெட்டு என்றோ. அவள் முகம் எப்படி இருந்தது என்றால், எந்த எண்ணைச் சொன்னாலும் நம்பியிருப்பாள்.

"முப்பத்தெட்டு" என்றேன்.

அது உண்மைதான். முப்பது வருஷம் வாயைத் திறக்காதவளுக்கு அந்த ஒரு நிமிஷம் உண்மை தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

7

மறுநாள் யோனாஸ் என்னை என் வீட்டில் கொண்டுவந்து விட்டான். கயல் தூங்குகிறாள், எழுப்ப வேண்டாம் என்றான். அவள் தூங்கவில்லை என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

ஒரு வாரம் செய்தி இல்லை. நான் போன் செய்தால் யோனாஸ் எடுத்து, எல்லாம் சரியாக இருக்கிறது மலர் என்பான். எட்டாம் நாள் காலையில் ஒரு படம் வந்தது. வெள்ளைத் துணியில் சுற்றிய குழந்தை. பெண், மூன்று கிலோ சொச்சம், இருவரும் நலம். பிறந்தது முந்தின நாள் மதியம். சிதம்பரத்தில் இருக்கிற என் நாத்தனார் வரைக்கும் அதே படம் அதே நேரத்தில் போயிருந்தது. அவர்தான் எனக்கு முதலில் போன் செய்தார். "அண்ணி, நீங்க உள்ள இருந்தீங்களா? எப்டி இருந்துச்சு?" என்று கேட்டார். நல்லபடியா ஆச்சு என்றேன்.

ஆபரேஷன் என்று அப்புறம் யோனாஸ் சொன்னான். அந்த ஒரு வாரத்தில் கயல் அஞ்சு தடவை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். வயிறு லேசாக இறுகினாலே கிளம்பிவிடுவாளாம். துடிப்பைக் காட்டினால் பட்டையை அவிழ்க்க விடமாட்டாளாம். பந்து, வெந்நீர், மூச்சு எல்லாம் நின்றுபோனது. கடைசித் தடவை, வெட்டி எடுத்துவிடுங்கள், இன்றைக்கே எடுத்துவிடுங்கள் என்று கேட்டாளாம். பயத்தில் கேட்கிறாள் என்று டாக்டர்கள் ரெண்டு பேர் உட்கார்ந்து பேசிப் பார்த்திருக்கிறார்கள். அவள் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் என்னை வரச் சொன்னாள். பூண்டுக் குழம்பும் சோறும் எடுத்துக்கொண்டு போனேன். யோனாஸ் படிவம் நிரப்பக் கீழே போயிருந்தான், குழந்தையைப் பதிவு செய்ய அவர்கள் ரெண்டு பேரின் கல்யாணச் சான்றிதழ் வரை கேட்டிருக்கிறார்கள். குழந்தை கட்டிலை ஒட்டின தொட்டிலில் தூங்கியது. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். தொடலாமா என்று கேட்க வாய் வரவில்லை.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள் கயல். "முப்பது வருஷம் சொல்லாதவ, இன்னும் பத்து நாள் பொறுத்திருக்கக் கூடாதா?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். ஒன்ன காப்பாத்தத்தாண்டி சொன்னேன் என்று ட்ராமில் வரும்போதே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். அவள் கண்ணைப் பார்த்ததும் அது வரவில்லை.

"பொறுத்திருக்கலாம். வயித்தெரிச்சல்" என்றேன்.

"யார் மேல?"

"ஒம் மேலதான். நீ போன் பண்ணா வணக்கம் சொல்றாங்க. வலிக்குதுன்னா பயிற்சின்றாங்க. எத்தன தடவ போனாலும் வாங்கன்றாங்க. என்னப் பாத்து வார்டே சிரிச்சுது. எங்கம்மா கையெடுத்துக் கும்பிட்டா. நீ என்னடான்னா என்னயே வெளிய போன்ற. அந்த நிமிஷம் நீ கொஞ்சம் பயப்படணும்னு தோணிச்சு. சொல்லிட்டேன்."

அழுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டுவாள் என்றும் எதிர்பார்த்தேன். கூரையைப் பார்த்துக்கொண்டு, போனில் மருத்துவச்சியிடம் பேசினாளே, அதே குரலில் சொன்னாள்.

"ஒவ்வொரு தடவையும் கொழந்த நல்லா இருக்குன்னுதாம்மா சொன்னாங்க. நான் நம்பல. வயித்துல ஒம் பையன்தான் படுத்திருந்தான். எம் பொண்ண ஒரு வாரம் செத்தவளாவே சொமந்தேன். வெளிய எடுத்து அவ கத்தனப்பகூட அது எம் புள்ள சத்தம்னு எனக்குத் தெரியல."

குழந்தை விழித்துச் சிணுங்கியது. அவள் எழுந்து எடுக்கப் பார்த்தாள். தையல் இழுத்தது. முகம் கோணிப்போனது. நான் எழுந்து கையை நீட்டினேன். அவள் என் கையைத் தாண்டி மணியை அழுத்தினாள்.

நர்ஸ் வந்தாள். குழந்தையைத் தூக்கி அவள் மாரில் வைத்தாள். கட்டுப் பார்க்க வேண்டும், கொஞ்சம் வெளியே இருங்கள் என்று என்னிடம் சொன்னாள். கயல் இருக்கட்டும் என்று சொல்வாள் என ஒரு நொடி நின்றேன். பிறகு பையை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தேன்.

கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் உள்ளே கயல் கத்தி அழுகிற சத்தம் கேட்டது. பெரிய சத்தம், தாழ்வாரத்தில் போன ரெண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸ் ஏதோ மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், அழு அழு என்கிற மாதிரி. இருபத்தேழு வருஷத்தில் என் பெண் வாய்விட்டு அழுது அன்றைக்குத்தான் கேட்டேன். கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, அது முடிகிற வரைக்கும் கேட்டேன்.